குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா? லவுடன் கவுண்டியில் வீடு

லவுடன் கவுண்டியில் வீடு பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது பள்ளிக்கூடம். அடுத்தது விலை. வாசல் எந்தத் திசை என்று கைபேசியில் திசைகாட்டியை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. எல்லாமே கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்தக் கவுண்டியில் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, வாசலில் விழும் பனியை யார் தள்ளுவார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கவுண்டியின் எந்தப் பாதியில் நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். மாதச் செலவு, ஞாயிற்றுக்கிழமை வேலை, தீபாவளிக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்பது வரை எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

வாஷிங்டனுக்கு வடமேற்கே, வர்ஜீனியாவின் வட எல்லையில் இருக்கிறது லவுடன். பரப்பு ஏறத்தாழ 520 சதுர மைல். கிழக்கு ஓரத்தில் டல்லஸ் விமான நிலையம் (டெக்சாஸில் உள்ள டாலஸ் வேறு, ஊரிலிருந்து டிக்கெட் போடும் உறவினர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள்). மேற்கு எல்லையில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர். வடக்கில் பொட்டோமாக் ஆறு, அதைத் தாண்டினால் மேரிலாந்து. 1962-இல் விமான நிலையம் திறந்தபோது இது பண்ணை நாடு. 1980-இல்கூட மக்கள்தொகை 57 ஆயிரம்தான். 2020 கணக்கெடுப்பில் அது 4 லட்சத்து 20 ஆயிரம் ஆகிவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்குப் பாதியில்தான் குடியேறினார்கள். லீஸ்பர்க் வழியாக வடக்கு தெற்காக ஓடும் 15-ஆம் எண் சாலையைத் தாண்டியதும் வீடுகள் விலகிப்போய், குதிரை வேலிகளும் திராட்சைத் தோட்டங்களும் தொடங்கிவிடும்.

இது தானாக நடந்ததில்லை. கவுண்டியின் திட்டமே அப்படி. மேற்குப் பக்கத்துக்குப் பொதுக் குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் நீட்டுவதில்லை என்பது நெடுநாள் கொள்கை. வடமேற்கில் அடிப்படை விதி 20 ஏக்கருக்கு ஒரு வீடு, தென்மேற்கில் 40 ஏக்கருக்கு ஒன்று. வீடுகளைக் கொத்தாகக் கட்டி மீதி நிலத்தைத் திறந்தவெளியாக விட்டால் கொஞ்சம் சலுகை உண்டு. 2019-இல் ஏற்றுக்கொண்ட பெருந்திட்டமும் இந்தக் கோட்டை அழிக்கவில்லை. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே ‘இடைநிலைப் பகுதி’ என்று ஒரு பட்டை இருக்கிறது. அங்கே எந்த வீட்டுக்குக் குழாய், எந்த வீட்டுக்குக் கிணறு என்பதைத் தெருத்தெருவாகத்தான் கேட்க வேண்டும்.

கிழக்கு: சங்கத்தின் ஆட்சி

ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், பிராட்லேண்ட்ஸ், சவுத் ரைடிங், ஸ்டோன் ரிட்ஜ்: தமிழ்க் குடும்பங்கள் முதலில் பார்ப்பது இந்தப் பெயர்களைத்தான். பெரும்பாலும் 1990-களுக்குப் பிறகு மொத்தமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட குடியிருப்புகள். நீச்சல் குளம், நடைபாதை, பக்கத்திலேயே பள்ளி, பத்து நிமிடத்தில் கறிவேப்பிலை கிடைக்கும் கடை. தண்ணீரும் கழிவும் லவுடன் வாட்டர் என்ற பொது அமைப்பின் பொறுப்பு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், பில் வரும், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கையில். எல்லோரும் எச்.ஓ.ஏ. என்றே சொல்கிறார்கள். லவுடன் கவுண்டி வீடு வீடாகக் குப்பை எடுப்பதில்லை. கிழக்கில் அதைச் சங்கம் ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்கிறது. தெருவின் கதையும் இப்படித்தான். வர்ஜீனியாவில் கவுண்டிச் சாலைகளை அநேகமாக மாநிலப் போக்குவரத்துத் துறைதான் பராமரிக்கிறது. பனி தள்ளுவதும் அவர்களே. ஆனால் டவுன்ஹவுஸ் வரிசைகளின் உள் தெருக்கள் பெரும்பாலும் சங்கத்தின் சொத்து. அங்கே பனியும் தாரும் உங்கள் மாதக் கட்டணத்திலிருந்து போகும். சில குடியிருப்புகளில் இணைய இணைப்புக்கும் சேர்த்தே கட்டணம். ஆகவே ஒரு சங்கத்தின் கட்டணம் அதிகம், இன்னொன்றின் கட்டணம் குறைவு என்று எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். உள்ளே என்னென்ன அடக்கம் என்று பாருங்கள்.

வாங்கும்போது சங்கத்திடமிருந்து ஒரு கட்டு ஆவணம் வரும். அது கைக்கு வந்த பிறகு ஒப்பந்தத்தை எந்தக் காரணமும் சொல்லாமல் ரத்துசெய்யச் சட்டம் சில நாட்கள் தருகிறது; ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் 3 நாட்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்பதால் யாரும் படிப்பதில்லை. முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் மூன்றை மட்டும் தேடுங்கள். ஒன்று, சேமநிதி எவ்வளவு இருக்கிறது; அது காய்ந்திருந்தால் நீச்சல் குளம் விரிசல் விடும் வருடத்தில் உங்களிடம் தனி வசூல் வரும். இரண்டு, நீங்கள் வாங்கும் வீட்டின் மேல் ஏதாவது விதிமீறல் நோட்டீஸ் நிலுவையில் இருக்கிறதா. முந்தைய உரிமையாளர் அனுமதி வாங்காமல் போட்ட மரத்தளத்தை, வீடு உங்கள் பெயருக்கு மாறிய பிறகு நீங்கள்தான் பிரிக்க வேண்டியிருக்கும். மூன்று, வாடகைக்கு விடுவதற்குக் கட்டுப்பாடு உண்டா. இந்தியாவுக்குத் திரும்பும் யோசனை மூலையில் எங்காவது இருந்தாலும் இந்த மூன்றாவதைத் தவறவிடாதீர்கள்.

வாசல் கதவின் வண்ணம், வேலியின் உயரம், கூரையில் சூரியத் தகடு எல்லாவற்றுக்கும் மனுப்போட வேண்டும். அரிசிமாவுக் கோலத்துக்கு யாரும் மனுக் கேட்டு நான் பார்த்ததில்லை. இது பிடிக்காதவர்களுக்குக் கிழக்கிலேயே ஒரு மாற்று உண்டு: 1960-களில் எழுந்த ஸ்டெர்லிங் பார்க். பழைய சிறிய வீடுகள், பெரிய மரங்கள், பெரும்பாலும் சங்கம் இல்லை. நம்மவர்கள் ‘பழைய ஏரியா’ என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். கவுண்டியின் நடுவிலை 7 லட்சம் டாலரைத் தாண்டி நிற்கும் காலத்தில் அப்படித் தாண்டிப் போவது புத்திசாலித்தனமில்லை என்பது என் கருத்து.

புது வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதிரி வீட்டில் காப்பி கொடுத்து உட்காரவைக்கும் விற்பனையாளர் கட்டுநரின் ஆள். முதல் தடவை போகும்போதே உங்கள் முகவருடன் போங்கள்; தனியாகப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டால் பிறகு முகவரைச் சேர்க்கக் கட்டுநர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். புது வீட்டுக்கு மாநிலச் சட்டப்படி ஓர் ஆண்டு உத்தரவாதம் உண்டு, அஸ்திவாரத்துக்கு 5 ஆண்டு. புதிது என்பதால் ஆய்வாளர் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். சுவர் மூடுவதற்கு முன் ஒருமுறை, ஓர் ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன் ஒருமுறை வரவழையுங்கள். கிழக்குப் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். பேஸ்மென்ட் உள்ள வீட்டில் சம்ப் பம்ப் வேலை செய்கிறதா, மின்சாரம் போனால் ஓட பேட்டரி இருக்கிறதா என்பதை நீங்களே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

காதால் பார்க்க வேண்டியவை

கிழக்கில் வீட்டைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. டல்லஸின் ஓடுபாதைகளில் மூன்று வடக்கு தெற்காகவும் ஒன்று குறுக்காகவும் இருக்கின்றன. காற்று திசை மாறினால் விமானம் வரும் பக்கமும் மாறும். தெற்குக் காற்று நாளில் அமைதியாக இருந்த பின்வாசல், வடக்குக் காற்று நாளில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. விமான இரைச்சல் வரைபடம் கவுண்டியிடம் இருக்கிறது. 60, 65 என்று எண்ணிட்ட கோடுகள் அதில் உண்டு. உங்கள் மனை எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்று கேளுங்கள். அதோடு வெவ்வேறு வானிலையில் இரண்டு மூன்று முறை போய்த் தோட்டத்தில் நில்லுங்கள்.

இரண்டாவது சத்தம் தரவு மையங்கள். 1990-களில் இணையத்தின் பெரிய சந்திப்புப் புள்ளி இந்த வட்டாரத்தில் அமைந்தது. ஏ.ஓ.எல். நிறுவனமும் தலைமையகத்தை டல்லஸ் பக்கம் கொண்டுவந்தது. நிலத்தடியில் கண்ணாடி இழை, மேலே மலிவான காலி நிலம், போதுமான மின்சாரம் என்று எல்லாம் ஒரே இடத்தில் கூடியதால் ஆஷ்பர்னைச் சுற்றி ஜன்னலில்லாத பெட்டிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. உலகிலேயே இத்தனை தரவு மையங்கள் ஒரே இடத்தில் நெருக்கமாக இருப்பது இங்கேதான் என்கிறார்கள். குளிரூட்டும் விசிறிகளின் ரீங்காரம் பகலில் போக்குவரத்தில் அமுங்கிவிடும். இரவு பதினொன்றுக்கு மேல்தான் தனியாகக் கேட்கும். அதனால் பகலில் பிடித்துப்போன வீட்டை இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். டீசல் ஜெனரேட்டர்களை அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. பக்கத்தில் மரமடர்ந்த காலி மனை இருந்தால், ‘எவ்வளவு பசுமை’ என்று மகிழ்வதற்கு முன் அதன் மண்டல வகையைக் கவுண்டி வரைபடத்தில் பாருங்கள். 2025 வரை சில மண்டலங்களில் தனி அனுமதி இல்லாமலே தரவு மையம் கட்ட முடிந்தது. இப்போது கவுண்டியின் மேற்பார்வையாளர் குழுவிடம் போக வேண்டும் என்றாலும், முன்னமே அனுமதி பெற்றவை வரிசையில் நிற்கின்றன. உயர் அழுத்த மின்கம்பிப் பாதைகளும் இவற்றைத் தொடர்ந்து வருகின்றன.

அதே சமயம் நியாயமாகப் பேச வேண்டும். அந்தப் பெட்டிக் கட்டடங்கள் கட்டும் வரியால்தான் இங்கே வீட்டு வரி விகிதம் அக்கம்பக்கத்துக் கவுண்டிகள் பலவற்றைவிடக் குறைந்து நிற்கிறது. ரீங்காரத்தைத் திட்டுகிறவர்களில் அந்தச் சலுகையை வேண்டாம் என்று சொன்னவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

மேற்கு: நீங்களே பஞ்சாயத்து

ஆஷ்பர்ன் டவுன்ஹவுஸில் ஆறு வருடம் இருந்துவிட்டு லவ்வெட்ஸ்வில் பக்கம் போனவன் நான். முதல் குளிர்காலத்தில் உறைபனி மழையில் மின்சாரம் போனது. இருட்டுக்கு மெழுகுவத்தி இருந்தது, குளிருக்கு விறகு இருந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கிணற்று மோட்டார் மின்சாரத்தில் ஓடுவது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? கிராமத்தில் பம்ப்செட் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் மூளைக்கு உறைக்கவில்லை. இரண்டு நாள் பனியை உருக்கிக் கழிப்பறையில் ஊற்றினோம். மேற்கில் வீடு வாங்குகிறவர் ஜெனரேட்டரையும் வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கிணறு என்றால் இங்கே ஆழ்துளைக் கிணறு. பாறைக்குள் சில நூறு அடி போயிருக்கும். கேட்க வேண்டியது ஆழத்தை மட்டுமில்லை, நிமிடத்துக்கு எத்தனை கேலன் ஊறுகிறது என்பதையும். ஊற்று மெலிந்த கிணற்றையும் ஒரு சேமிப்புத் தொட்டி வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அது தெரிந்து வாங்குவது வேறு, வாங்கிய பிறகு தெரிந்துகொள்வது வேறு. ஆய்வின்போது மோட்டாரை மணிக்கணக்கில் ஓடவிட்டு ஊற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் கிருமி, நைட்ரேட், ஈயம் மூன்றுக்கும் பரிசோதனை வேண்டும். பக்கத்தில் பண்ணை இருந்தால் நைட்ரேட்டை விடவே கூடாது. லீஸ்பர்க்குக்கு வடக்கே லக்கெட்ஸ் பக்கம் சுண்ணாம்புப் பாறை நிலம். அங்கே தரை திடீரென உள்வாங்கிக் குழி விழுவதும், மேலே கொட்டிய அழுக்கு வேகமாக நிலத்தடி நீரில் கலப்பதும் உண்டு. அதற்கென்றே கவுண்டி தனி விதிகள் வைத்திருக்கிறது.

அடுத்தது செப்டிக். மேற்கில் வீடு வாங்கி ஏமாந்தவர்களில் பாதிப் பேர் ஏமாந்தது இதில்தான். டேங்க் என்பது ஒரு பாதி. அதிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு நிலம் இன்னொரு பாதி. டேங்க் கெட்டால் மாற்றலாம். உறிஞ்சு நிலம் கெட்டால் புதிதாக ஒன்றுக்கு ஏற்ற மண் உங்கள் மனையிலேயே கிடைக்க வேண்டும்; கிடைக்காவிட்டால் பல பத்தாயிரம் டாலர் செலவில் இயந்திரம் வைத்த மாற்று முறைதான். அப்படிப்பட்ட மாற்று முறை ஏற்கனவே இருந்தால், உரிமம் பெற்ற ஆள் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்து பார்ப்பதை மாநிலம் கட்டாயமாக்கியிருக்கிறது. சாதாரண டேங்கை 5 ஆண்டுக்கு ஒருமுறை இறைக்க வேண்டும் என்பது கவுண்டி விதி. விற்பவரிடம் இறைத்த ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லை என்றால் ‘இப்போதுதான் இறைத்தோம்’ என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

எத்தனை படுக்கையறை என்பதை இங்கே தீர்மானிப்பது செப்டிக் அனுமதிதான். நண்பர் ஒருவர் ‘ஐந்து படுக்கையறை’ என்று விளம்பரம் செய்த வீட்டை வாங்கப் போனார். கவுண்டிச் சுகாதாரத் துறையில் கோப்பை எடுத்துப் பார்த்தால் அனுமதி மூன்றுக்குத்தான். மீதி இரண்டும் யாரோ பேஸ்மென்டில் தடுப்புச் சுவர் எழுப்பி உண்டாக்கியவை. அம்மா, அப்பா, மாமியார், மாமனார் மாறி மாறி ஆறு மாதம் தங்கும் குடும்பம் அவருடையது. அந்த வீட்டு மண்ணால் தாங்கியிருக்க முடியாது. கிணறு, செப்டிக் கோப்புகளை முகவரி சொல்லி யாரும் கேட்டுப் பெறலாம். வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே கேளுங்கள்.

நம் சமையலறைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. எண்ணெயையும், மாவுப் பாத்திரம் கழுவிய கெட்டித் தண்ணீரையும், குப்பை அரைக்கும் இயந்திரத்தில் தள்ளிய காய்கறித் தோலையும் செப்டிக் மன்னிக்காது. வெண்டைக்காய் நறுக்கியதும் முருங்கைக்காய்ச் சக்கையும் உரக்குழிக்குப் போகட்டும். ஐம்பது பேர் வரும் விருந்தென்றால் நடமாடும் கழிப்பறை ஒன்றை வாடகைக்கு எடுங்கள். இங்குள்ள அமெரிக்கர்களும் கல்யாணத்துக்கு அதைத்தான் செய்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாலை. மேற்கு லவுடனில் 250 மைலுக்கும் மேல் சரளைக்கல் சாலைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தார் போடவிடாமல் காப்பாற்ற ஒரு கூட்டமே பாடுபடுகிறது. பார்க்க அழகுதான், காரின் அடிப்பாகத்தைக் கேட்டால் வேறு சொல்லும். மாநிலம் பராமரிக்கும் சரளைச் சாலை பரவாயில்லை. நாலைந்து வீடுகள் பங்கிடும் தனிப்பாதையாக இருந்தால், பராமரிப்பு யார் செலவு என்று எழுதிப் பதிந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடன் தரும் வங்கியே தயங்கும். இயற்கை எரிவாயுக் குழாய் அநேகமாகக் கிடையாது. வீட்டுப் பின்னால் புரொப்பேன் தொட்டி நிற்கும். அது உங்கள் தொட்டியா, எரிவாயு நிறுவனத்தின் வாடகைத் தொட்டியா? வாடகை என்றால் வேறு நிறுவனத்திடம் மலிவாக நிரப்ப முடியாது. இணையம் எல்லா வீட்டுக்கும் வரும் என்று நினைக்காதீர்கள். ஒரே சாலையில் இந்த வீட்டுக்குக் கேபிள் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் ஒப்பந்தத்துக்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி வாங்கட்டும்.

நிலம் நிறைய இருந்தால் வரிச் சலுகையும் கூடவே வரும், பொறியும் கூடவே வரும். விவசாயத்துக்கு 5 ஏக்கர், காட்டுக்கு 20 ஏக்கர் என்ற குறைந்தபட்சம் தேறினால், சந்தை விலையை விட்டுவிட்டுப் பயன்பாட்டு மதிப்பில் நிலவரி போடுவார்கள். விற்பவர் பக்கத்துப் பண்ணைக்காரரை வைத்துப் புல் அறுத்து அந்தச் சலுகையை வாங்கி வந்திருப்பார். நீங்கள் வாங்கிய பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால், நடப்பு ஆண்டோடு முந்தைய 5 ஆண்டுகளின் வித்தியாசத்தையும் வட்டியோடு கேட்பார்கள். ஆகவே அந்தப் புல் அறுப்பவரின் தொலைபேசி எண்ணும் வீட்டுச் சாவியோடு கைமாற வேண்டிய ஒன்று. நிலத்தின் மேல் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுப் பத்திரம் பதிவாகியிருந்தால் அது எக்காலத்துக்கும் நிலத்தோடேயே போகும். மனையைப் பிரிக்க முடியாது, பெற்றோருக்கென்று தள்ளி ஒரு சிறு வீடு கட்டுவதும் நடக்காமல் போகலாம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஏன் போனாய் என்று கேட்பீர்கள். அக்டோபரில் மலையடிவாரத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். 1733-இல் குவேக்கர்கள் குடியேறிய வாட்டர்ஃபர்ட் கிராமத்தில் ஒரு மாலை நடந்து பாருங்கள். ஒன்று மட்டும்: கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வையுங்கள், அக்டோபர் உறைபனிக்கு முன் உள்ளே எடுங்கள். வெளியே நட்ட கத்தரியை மான் தின்றுவிடும். மானோடு உண்ணி வரும். புல்லில் விளையாடிவிட்டு வரும் குழந்தைகளைத் தினமும் சோதிக்க வேண்டும்.

முகவரி சொல்லும் பொய்

அஞ்சல் முகவரியை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். சாண்டில்லி என்ற முகவரி ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியிலும் உண்டு, லவுடனின் சவுத் ரைடிங்கிலும் உண்டு. பள்ளி, வரி, போலீஸ் எல்லாம் வேறு வேறு. லவுடனுக்குள்ளேயே தனி நகராட்சி உள்ள ஊர்கள் ஏழு: லீஸ்பர்க், பர்சல்வில், மிடில்பர்க், ஹாமில்டன், ஹில்ஸ்பரோ, லவ்வெட்ஸ்வில், ரவுண்ட் ஹில். அவற்றின் எல்லைக்குள் இருந்தால் கவுண்டி வரிக்கு மேல் நகர வரியும் உண்டு. தண்ணீர் பெரும்பாலும் நகரத்துடையது, கட்டணமும் அவர்கள் வைத்ததுதான். ஆஷ்பர்னும் ஸ்டெர்லிங்கும் பெயரளவில்தான் ஊர்கள், நகராட்சி கிடையாது. பள்ளி எல்லைகளையும் வீட்டு விளம்பரத்தில் போட்டிருப்பதை வைத்து நம்பக் கூடாது. மாணவர் பெருகப் பெருக எல்லைகளை மாற்றி வரைவது இங்கே வழக்கம். கல்வி வாரியத்தின் தளத்தில் கதவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடுத்த எல்லை மாற்றம் எப்போது என்றும் கேளுங்கள்.

வேலைக்குப் போய்வருவது

சில்வர் லைன் ரயில் 2022 நவம்பர் 15 முதல் ஆஷ்பர்ன் வரை வருகிறது. வாஷிங்டன் நகர மையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். காரில் என்றால் 1995-இல் திறந்த தனியார் சாலையான டல்லஸ் கிரீன்வே வேகமானது. ஒரு தடவைக்கு 5 டாலருக்கு மேல் சுங்கம், நகரத்துக்குப் போக அதற்கு அப்பால் இன்னொரு சுங்கச்சாலை. வாரம் ஐந்து நாள் போகிறவர் இதையும் வீட்டுக் கடன் தவணையோடு கூட்டிப் பார்க்கட்டும். காசில்லாத வழி 7-ஆம் எண் சாலை. மேற்கே 9-ஆம் எண் சாலை மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வரும் கார்களால் காலையில் நிறைந்துவிடும். வடமேற்கில் இருப்பவர்கள் பாலம் தாண்டி மேரிலாந்தின் பிரன்ஸ்விக், பாயின்ட் ஆஃப் ராக்ஸ் நிலையங்களில் புறநகர் ரயில் பிடிப்பதும் உண்டு. லீஸ்பர்க் அருகே ஆற்றைக் கடக்கப் படகு இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஒயிட்ஸ் ஃபெர்ரி 2020 டிசம்பரில் நின்றுபோனதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

கையெழுத்துக்கு முன்

வர்ஜீனியாவில் வீட்டின் குறைகளை விற்பவர் சொல்ல வேண்டிய கடமை மிகச் சிறிது. அவர் தரும் படிவத்தைப் படித்தால், ‘நான் எதற்கும் உறுதி சொல்லவில்லை, நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் சாரம். அதனால் ஆய்வைக் கைவிட்டுப் போட்டியில் ஜெயிக்கும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. கிழக்கில் பத்து வருட டவுன்ஹவுஸுக்கு, விலை சொல்வதற்கு முன்பே ஆய்வாளரோடு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, ஆய்வு வேண்டாம் என்ற அந்தச் சலுகையை விற்பவருக்குத் தரலாம். கிணறும் செப்டிக்கும் உள்ள வீட்டுக்கு ஒருபோதும் தராதீர்கள்.

ரேடான் சோதனையை எந்தப் பாதியிலும் விடக் கூடாது. மண்ணிலிருந்து கசியும் இந்த வாயு நிறமற்றது, மணமற்றது, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. அதிக அபாய மண்டலங்களில் லவுடனும் ஒன்று. லிட்டருக்கு 4 பைகோகியூரியைத் தாண்டினால் விசிறி வைத்த குழாயைப் பொருத்த வேண்டும். விற்பவரையே செய்யச் சொல்லலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

2024 ஆகஸ்டிலிருந்து, முகவர் வீட்டைச் சுற்றிக்காட்டுவதற்கு முன்பே உங்களோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். அதில் அவருடைய கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று இருக்கும். இரண்டும் பேசி முடிவுசெய்யக்கூடியவை. நம்ம ஆள் என்பதால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மேற்கில் வாங்குபவர் மேற்கில் வீடு விற்றுப் பழகிய முகவரைப் பிடியுங்கள். உறிஞ்சு நிலம் எங்கே என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம் என்று அலையத் தேவையில்லை. பத்திரங்கள் லீஸ்பர்க் நீதிமன்ற எழுத்தரிடம் பதிவாகியிருக்கும். வில்லங்கம் தேடுவது பதிவு நிறுவனத்தின் வேலை. கடன் தரும் வங்கி தனக்காக உரிமைக் காப்பீடு வாங்கச் சொல்லும். அது வங்கியை மட்டுமே காக்கும். உங்களுக்கென்று தனிக் காப்பீடு வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரே ஒரு முறை கட்டுவதுதான், வாங்கிவிடுங்கள்.

வரியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 நிலவரப்படி கவுண்டி உங்கள் வீட்டை மதிப்பிடும். சமீப ஆண்டுகளில் மதிப்பில் 100 டாலருக்கு ஒரு டாலருக்கும் குறைவாகவே விகிதம் இருக்கிறது. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் முறையிட வழி உண்டு. தவணை நாட்கள் ஜூன் 5, டிசம்பர் 5. கடன் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் வங்கியே பிடித்துக் கட்டிவிடும். கார் வரிதான் புதிதாக வருகிறவர்களைத் திடுக்கிடவைப்பது; வர்ஜீனியாவில் காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு, புதுக் கார் என்றால் ஆயிரக்கணக்கில் போகலாம். அதை வங்கி கட்டாது. நீங்கள்தான் கட்ட வேண்டும்: மே 5, அக்டோபர் 5.